லேப்டாப்பில் லினக்ஸ் இருக்கு... உதவி எங்கே இருக்கு? புதிதாகப் பழகுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு 11 மணி. கோவை சரவணம்பட்டி பக்கம் ஒரு கல்லூரி விடுதி. முதலாண்டு மாணவர் ஒருவர் மறுநாள் காலை சமர்ப்பிக்க வேண்டிய அசைன்மென்ட்டை முடித்துவிட்டு, அதற்கு ஒரு நகல் எடுத்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

லேப்டாப்பில் லினக்ஸ். கருப்புத் திரையில் நகலெடுக்கும் கட்டளையைத் தட்டுகிறார். பழைய கோப்பின் பெயரும் புதிய கோப்பின் பெயரும் இடம் மாறிவிடுகின்றன. புதியதன் மேல் பழையது போய் உட்கார்ந்துவிடுகிறது. மூன்று நாள் வேலை காணோம்.

"ஏனுங்கண்ணா, அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கூடக் கேக்கலைங்க. அப்படியே போயிருச்சுங்க" என்று பக்கத்து அறை சீனியரிடம் ஓடுகிறார். சீனியர் சாவகாசமாகக் கேட்கிறார்: "மேன் பேஜ் படிக்கலையா தம்பி?"

மேன் பேஜா? அது என்ன, எங்கே இருக்கு என்பதே அந்தத் தம்பிக்குத் தெரியாது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் லினக்ஸ் பழகியவர்களைக் கேட்டால், இதே மாதிரி ஒரு கதை அவர்களிடமும் இருக்கும். கேட்டுவிட்டு அழிக்கச் சொல்லும் வசதி அந்தக் கட்டளையிலேயே உண்டு. அதைச் சொல்லும் வரியும் அதே லேப்டாப்பில், நெட் இல்லாமலேயே படிக்கும்படி இருக்கிறது. அதைத் தேடிப் போகும் வழியைத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த வழிதான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊர் லேப்டாப்பில் லினக்ஸ் எப்படி வந்தது?

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட அந்த லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இரண்டாவது இயங்குதளமும் சேர்ந்தே வந்தது.

பாஸ் என்பது 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. உலகம் முழுக்கப் பயன்படும் 'டெபியன்' லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. முதல் பதிப்பு 2007-ல் வெளியானது.

பிளஸ் ஒன் கணினி அறிவியல் பாடநூலிலும் விண்டோஸுடன் 'உபுண்டு' லினக்ஸ் அறிமுகம் செய்யப்படுகிறது. 2025 மார்ச்சில் தாக்கலான தமிழ்நாடு பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கையடக்கக் கணினி தரப்படும் என்ற அறிவிப்பும் வந்தது.

ஆக, பொள்ளாச்சியிலோ பெருந்துறையிலோ ஒரு வீட்டின் முதல் கம்ப்யூட்டரே இப்படிக் கிடைத்ததாக இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆள் இருக்காது. லேப்டாப் வந்துவிடுகிறது, 'புரியலைன்னா எங்கே பார்ப்பது' என்பது கூடவே வருவதில்லை.

உதவி எங்கேதான் இருக்கிறது?

கோவையில் தயாராகும் கிரைண்டரோ, மோட்டார் பம்ப்செட்டோ வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் ஒரு கையேடு இருக்கும். லினக்ஸிலும் அப்படித்தான். மென்பொருளோடு கையேடும் சேர்ந்தே வரும். அது ஒரே இடத்தில் இல்லாமல் ஐந்து இடங்களில் இருக்கிறது. அதுதான் புதியவர்களைக் குழப்புவது.

1. எஃப் 1 விசை: மவுஸ் வைத்து இயக்கும் பெரும்பாலான செயலிகளில் இதை அழுத்தினால் உதவிப் பக்கம் திறக்கும். வைஃபை இணைப்பது, பிரிண்டர் சேர்ப்பது, எழுத்தைப் பெரிதாக்குவது போன்ற அன்றாட வேலைகளுக்கு இதுவே போதும்.

2. மேன் பக்கம்: 'மேனுவல்' என்பதன் முதல் மூன்று எழுத்துதான் 'மேன்'. கருப்புத் திரையில், அதாவது டெர்மினலில், எம், ஏ, என் என்று சின்ன எழுத்தில் தட்டி, ஒரு இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரைக் கொடுத்தால் அதன் முழுக் கையேடும் வரும்.

3. சுருக்க உதவி: கட்டளையின் பெயருக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளை ஒட்டி 'ஹெல்ப்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் சுருக்கமான பட்டியல் கிடைக்கும்.

4. 'ஹெல்ப்' கட்டளை: சில கட்டளைகளுக்கு மேன் பக்கமே இருக்காது. அவற்றுக்கு இது. ஏன் என்பது கீழே வருகிறது.

5. ஆவணக் கோப்புறை: 'யு.எஸ்.ஆர்' என்ற கோப்புறைக்குள் 'ஷேர்', அதற்குள் 'டாக்'. நிறுவப்பட்ட மென்பொருள் ஒவ்வொன்றுக்கும் இங்கே தனிக் கோப்புறை உண்டு. 'ரீட்மீ' கோப்புகளும் மாற்றக் குறிப்புகளும் இங்கேதான் கிடக்கும்.

இந்த ஐந்துக்கும் பெரும்பாலும் நெட் தேவையில்லை. டேட்டா தீர்ந்துபோன ராத்திரியிலும் படிக்கலாம்.

மேன் பக்கத்தை எப்படிப் படிப்பது?

முதல்முறை திறப்பவர்களை மிரட்டுவது இரண்டாவது தலைப்புதான். 'சினாப்சிஸ்' என்று இருக்கும். கட்டளையை எழுதும் முறை அதில் அடைப்புக்குறிகளும் புள்ளிகளுமாகக் கிடக்கும். பலர் அங்கேயே மூடிவிடுகிறார்கள்.

விஷயம் எளிதுதான். சதுர அடைப்புக்குள் இருப்பது, தேவைப்பட்டால் மட்டும் சேர்க்க வேண்டியது. மூன்று புள்ளி இருந்தால், அதற்கு முன்னால் உள்ளதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை கொடுக்கலாம் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

மேலிருந்து கீழே கதைப் புத்தகம் மாதிரி படிக்க வேண்டியதில்லை. பழகியவர்களும் அப்படிப் படிப்பதில்லை. சாய்கோட்டுக் குறியைத் தட்டி, தேடும் சொல்லை எழுதி என்டர் கொடுத்தால் அந்தச் சொல் இருக்கும் இடத்துக்குப் போகும். 'என்' எழுத்தைத் தட்டினால் அடுத்த இடம். பெரிய எழுத்து 'ஜி' தட்டினால் நேராகக் கடைசிக்குப் போய்விடலாம்.

கடைசியில் என்ன இருக்கிறது? பல கையேடுகளில் எடுத்துக்காட்டுகள் அங்கேதான் இருக்கும். 'சீ ஆல்ஸோ' என்ற தலைப்பில், இதோடு தொடர்புள்ள மற்ற கட்டளைகளின் பெயர்களும் இருக்கும். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று காட்டும் பலகை மாதிரி. தப்பான பக்கத்துக்கு வந்திருந்தாலும் சரியான பக்கத்துக்கு அது வழி காட்டிவிடும்.

வெளியே வரத் தெரியாமல் ஜன்னலையே மூடுபவர்களும் உண்டு. 'க்யூ' எழுத்தைத் தட்டினால் போதுங்க.

கட்டளைப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 1, 5, 8 என்று எண் இருக்கும். அது கையேட்டின் பகுதி எண். 1 என்றால் எல்லோரும் பயன்படுத்தும் கட்டளை, 5 என்றால் கோப்பின் அமைப்பு, 8 என்றால் நிர்வாகிகளுக்கான கட்டளை. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971 நவம்பர் 3 தேதியிட்டு வெளியிட்டார்கள். இப்படிப் பகுதி பிரித்து எண் கொடுக்கும் வழக்கம் அங்கிருந்து வருவது. மென்பொருளில் தெரிந்த குறைகளை அதன் கையேட்டிலேயே 'பக்ஸ்' என்று தலைப்பிட்டு எழுதிவிடும் பழக்கமும் அந்தக் காலத்ததுதான்.

கட்டளையின் பெயரே தெரியாவிட்டால்?

புதியவர்களின் உண்மையான பிரச்னை இதுதான். பெயர் தெரிந்தால்தானே கையேட்டைத் திறக்க முடியும்?

இதற்கும் வழி இருக்கிறது. 'மேன்' என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் 'கே' எழுத்தும் சேர்த்து, பிறகு தேடும் ஆங்கிலச் சொல்லைக் கொடுக்க வேண்டும். எல்லாக் கையேடுகளின் பெயரிலும் ஒரு வரிச் சுருக்கத்திலும் அந்தச் சொல்லைத் தேடிப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். 'காப்பி' என்று ஆங்கிலத்தில் தேடினால், வரும் பட்டியலில் 'சி.பி' என்ற நகலெடுக்கும் கட்டளையும் இருக்கும்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. நாம் பழகிய ஆங்கிலச் சொல் வேறு. லினக்ஸ் கையேடுகளில் இருக்கும் ஆங்கிலச் சொல் வேறு.

விண்டோஸிலும் மொபைலிலும் 'ஃபோல்டர்' என்கிறோம். லினக்ஸ் கையேட்டில் அது 'டைரக்டரி'. நாம் 'டெலீட்' என்பதை அங்கே 'ரிமூவ்' என்பார்கள். 'ஷார்ட்கட்' அங்கே 'லிங்க்'. பெயர் மாற்றுவதற்கு 'ரீநேம்' என்று தேடிக்கொண்டே இருப்போம். அந்த வேலையைச் செய்யும் அன்றாடக் கட்டளையின் பெயரோ 'மூவ்' என்பதன் சுருக்கமான 'எம்.வி'.

தமிழ் வழியில் படித்த மாணவருக்கு இன்னும் ஒரு படி கூடுதல். பாடநூலில் படித்தது 'கோப்புறை'. லேபில் எல்லோரும் சொல்வது 'ஃபோல்டர்'. கையேட்டில் இருப்பது 'டைரக்டரி'. ஒரே பொருளுக்கு மூன்று பெயர். மூன்றாவது பெயர் தெரியாததால் தேடல் தோற்கிறது. அதைத் தன் தோல்வி என்று அந்த மாணவர் நினைத்துக்கொள்கிறார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த மூன்று பெயர்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்ல வழி. 20 சொல் சேர்ந்தாலே தேடுவது சுலபமாகிவிடும்.

'அப்படி ஒரு கையேடு இல்லை' என்று வந்தால்?

கோப்புறை மாறுவதற்கான 'சி.டி' கட்டளைதான் புதியவர்கள் முதலில் கற்பது. அதற்கே மேன் பக்கம் கேட்டால், டெபியன், உபுண்டு போன்றவற்றில் பொதுவாக 'கையேடு இல்லை' என்ற பதில்தான் வரும். 'எதுவுமே இதில் இல்லை போல' என்று பலர் கைவிடுவது இங்கேதான்.

காரணம் இதுதான். 'சி.டி' தனி மென்பொருள் கிடையாது. கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் 'ஷெல்' என்ற நிரலுக்குள்ளேயே இருக்கும் வசதி. அதனால் அதன் விளக்கமும் ஷெல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'ஹெல்ப்' என்று தட்டி, இடைவெளி விட்டு, 'சி.டி' என்று கொடுத்தால் விளக்கம் வந்துவிடும்.

ஒரு கட்டளை எந்த வகை என்று தெரிய, அதன் பெயருக்கு முன் 'டைப்' என்று ஆங்கிலத்தில் தட்டிப் பார்க்கலாம். 'ஷெல் பில்ட்இன்' என்று பதில் வந்தால் 'ஹெல்ப்'. கோப்பு இருக்கும் பாதையைக் காட்டினால் 'மேன்'.

யூடியூப், ஏ.ஐ. இருக்கும்போது இதெல்லாம் எதுக்குங்க?

நியாயமான கேள்வி. புரிந்துகொள்ள வீடியோ நல்லது. ஏ.ஐ. சாட்பாட்டிடம் தமிழிலேயே கேட்கலாம். அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, பதிப்பு. இணையத்தில் இருப்பது எந்தக் காலத்து, எந்த லினக்ஸுக்கான குறிப்பு என்று தெரியாது. லேப்டாப்பில் இருக்கும் கையேடு அதே லேப்டாப்பில் இருக்கும் மென்பொருளோடு வந்தது.

இரண்டாவது, ஏ.ஐ. கருவிகள் இல்லாத வசதியை இருப்பதாகவும் சொல்லிவிடக்கூடும். படிப்பதற்குச் சரியாகவே தெரியும். கையேட்டில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். டெர்மினலில் 'ஆர்.எம்' கட்டளை கொடுத்து நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. நேராகப் போய்விடும். அதோடு 'சூடோ' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் கணினியின் முழு அதிகாரமும் அந்தக் கட்டளைக்குக் கிடைக்கும். எங்கிருந்தோ காப்பி செய்த வரியில் இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும், என்டர் தட்டும் முன் கையேட்டைத் திறந்து, அந்த வரியில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன அர்த்தம் என்று பார்ப்பது நல்லது.

தமிழில் கிடைக்கிறதா?

திரையின் மொழியைத் தமிழாக மாற்றினால் மெனுக்கள் பலவும் தமிழில் வரும். கட்டளைகளின் மேன் பக்கங்கள்தான் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன. ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய மொழிகளில் அவற்றுக்கு மொழிபெயர்ப்பு இருக்கிறது.

ஆனால் தமிழில் எதுவுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2012-ல் தொடங்கிய 'கணியம்' இணைய இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் தொடர்ந்து எழுதி வருகிறது. அதன் 'எளிய தமிழில்' வரிசையில் லினக்ஸ் பற்றிய நூலும் உண்டு. இலவச மின்னூலாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில், லினக்ஸ் பற்றிய சிறு சிறு பாடங்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன.

தமிழில் எழுதியதைத் தமிழிலேயே தேட முடிவதில் கோவைக்கும் ஒரு பங்கு உண்டு. முன்பெல்லாம் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டில் இருந்தது. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் தேட முடியாது. திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும், அதோடு தமிழ் இணைய மாநாடும் நடந்தன. அந்த ஜூனில்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்று ஆணை வெளியிட்டது. இன்று ஒரு தமிழ் மின்னூலைத் திறந்து 'கோப்புறை' என்று தேடினால் கிடைக்கிறது என்றால், அதற்கு யூனிகோடுதான் காரணம்.

வாளையாறு தாண்டினால் இன்னொரு உதாரணம். கேரளத்தில் 2001-ல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம், பின்னர் 'கைட்' நிறுவனமாக வளர்ந்தது. அங்கே அரசுப் பள்ளிக் கணினிகள் லினக்ஸில் இயங்குகின்றன. அதற்கேற்ற பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் சேர்த்தே தரப்படுகின்றன. கம்ப்யூட்டர் மட்டும் தனியாக வருவதில்லை.

உதவி செய்யும் அண்ணன், அக்காக்களுக்கு...

'மேன் பேஜைப் பாரு' என்று சொல்வது தப்பில்லை. அதோடு நிறுத்திவிடுவதுதான் தப்பு. புதிதாக வந்த ஒருவருக்கு அது 'போய்த் தொலை' என்று சொன்னது மாதிரிதான் கேட்கும்.

பதிலை மட்டும் தட்டிக் கொடுத்துவிட்டு எழுந்து போவதும் முழு உதவி ஆகாது. நாளைக்கு வேறொரு சந்தேகம் வரும். மறுபடியும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, விசைப்பலகையை அவர் கையிலேயே விட்டுவிட்டு, மூன்று விஷயம் சொன்னால் போதும். எந்தக் கையேடு, அதில் தேட வேண்டிய ஆங்கிலச் சொல் எது, பதில் இருக்கும் வரி எது. 'நீயே கண்டுபிடிச்சிட்ட பாரு கண்ணு' என்று ஒருமுறை சொல்ல முடிந்தால், அடுத்த முறை அவர் தானே தேடுவார்.

தனியாகப் பழகுவதை விடக் கூட்டாகப் பழகுவது எளிது. சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு இயங்கி வந்திருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் மாணவர்கள் நடத்தும் லினக்ஸ் குழு உண்டு. உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், நான்கு பேர் சேர்ந்தாலே ஒரு குழுதான்.

விண்டோஸ் மட்டும்தான் இருக்குங்க, என்ன செய்ய?

புதிய விண்டோஸ் பதிப்புகளில் பொதுவான உதவி பெரும்பாலும் இணையத்துக்கே அழைத்துப் போகிறது. ஆனால் 'கமாண்ட் பிராம்ப்ட்' திரையில் நெட் இல்லாமலும் உதவி உண்டு. 'ஹெல்ப்' என்று தட்டினால் கட்டளைகளின் பட்டியல் வரும். ஒரு கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, சாய்கோடும் கேள்விக்குறியும் போட்டால் அதன் விளக்கம் வரும். இதைப் பழகியவருக்கு லினக்ஸ் கையேடு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

அந்த ஒரு வரி என்ன?

விடுதி மாணவரிடம் திரும்புவோம். நகலெடுக்கும் 'சி.பி' கட்டளைக்குப் பின் ஒரு சிறு கோடும் 'ஐ' எழுத்தும் சேர்த்தால், ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதும் முன் அது கேட்கும். 'எம்.வி' கட்டளையிலும் இதே எழுத்து இதே வேலையைச் செய்யும்; 'ஆர்.எம்' கட்டளையில் நீக்கும் முன் கேட்கும்.

லினக்ஸ் இருக்கும் லேப்டாப் கையில் இருந்தால், இன்றைக்கே 'மேன்' என்று தட்டி, இடைவெளி விட்டு 'சி.பி' கொடுத்து, அந்த வரியை ஒருமுறை தேடிப் பாருங்கள். அப்படியே பக்கத்தில் யாராவது புதிதாகப் பழகிக்கொண்டிருந்தால், அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.